கொரியாவைக் கையால் தொட்டுப் படிப்பது: பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகள்

எங்கள் ஊர் நூலகத்தின் பின்கட்டில் சனிக்கிழமை தோறும் பத்துப் பதினைந்து பிள்ளைகளோடு உட்காருகிறேன். எட்டு வயது முதல் பதினான்கு வரை. ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு, அந்த நாட்டுக்காரர்கள் கையால் செய்வதை நாங்களும் செய்து பார்ப்போம். ஒரு வருஷமாகக் கொரியா. பிள்ளைகளை அழைத்துப் போக வரும் பெற்றோரும், இதைத் தங்கள் பள்ளியில் செய்ய நினைக்கும் ஆசிரியர்களும் கேட்கிற கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு நாட்டுக்கு ஒரு வருஷமா? ஒரு வாரத்துக்கு ஒரு நாடு என்று வைத்தால் நிறையத் தெரிந்துகொள்ளலாமே?

முதலில் நானும் அப்படித்தான் செய்தேன். ஒரு வாரம் எகிப்து, அடுத்த வாரம் பிரேசில். கொடியை வரைவோம், தலைநகரை எழுதுவோம், ஒரு பலகாரம் செய்வோம். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் பிள்ளைகளுக்குப் பலகாரம் மட்டும்தான் ஞாபகம் இருந்தது. அதுவும் எந்த நாட்டுடையது என்று தெரியவில்லை.

கைவேலை என்றால் வெட்டி ஒட்டி வீட்டுக்கு எடுத்துப் போவது என்று நினைத்துவிடுகிறோம். செய்துகொண்டிருக்கும்போதே பிள்ளை நிமிர்ந்து, “இதை ஏன் இப்படிச் செய்கிறார்கள்?” என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வி வராவிட்டால் அந்த வேலையை அடுத்த முறை நான் எடுப்பதில்லை. கேள்வி வரவும் பதிலைத் தேடவும் நேரம் வேண்டும், அதனால்தான் ஒரு வருஷம்.

எங்கிருந்து தொடங்குவது?

எழுத்திலிருந்து. எனக்கு இதில் சந்தேகமே இல்லை. வேண்டியவை ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, கொஞ்சம் ஈர்க்குச்சி, ஒரு வளையல்.

கொரிய எழுத்துக்கு ஹங்குல் என்று பெயர். மன்னர் செஜோங் 1443-ல் உருவாக்கி 1446-ல் நாட்டுக்கு அறிவித்தார். அதற்கு முன் எழுத வேண்டுமென்றால் சீன எழுத்துதான். அதைப் படித்து முடிக்க வருஷங்கள் ஆகும். உழுகிறவனுக்கும் நெய்கிறவளுக்கும் எட்டாது. என் மக்கள் சொல்ல நினைப்பதை எழுத வழியில்லையே என்று, எழுத்தை அறிவித்த நூலின் முன்னுரையில் மன்னரே வருந்தி எழுதியிருக்கிறார்.

இப்போது கண்ணாடியைப் பிள்ளை கையில் கொடுங்கள். “ம்” என்று சொல்லச் சொல்லுங்கள். வாய் மூடுகிறது. கொரிய “ம்” ஒரு சதுரம், மூடிய வாய். அடுத்து “ந்”. நாக்கின் நுனி மேலே போய்ப் பல்லுக்குப் பின்னால் ஒட்டுகிறது. அந்த நாக்கைப் பக்கவாட்டில் பார்த்தால் எப்படி வளைந்திருக்குமோ அதுதான் கொரிய “ந்”. பார்க்க அப்படியே நம் “ட” மாதிரி இருக்கும். “க்” சொன்னால் நாக்கின் அடி எழும்பித் தொண்டையை அடைக்கிறது. அதற்கு மேலே படுத்த ஒரு கோடு, அதன் வலது முனையிலிருந்து கீழே இறங்கும் ஒரு கோடு. “ஸ்” பல்லின் வடிவம், கூரை மாதிரி. தொண்டைக்கு ஒரு வட்டம், வளையல் அங்கேதான் வருகிறது. காற்றை அழுத்திச் சொல்லும் ஒலி என்றால் அதே எழுத்தில் இன்னும் ஒரு கோடு கூடும்.

உயிரெழுத்துக்கு மூன்றே மூன்று மூலம்: வானத்துக்குப் புள்ளி, பூமிக்குப் படுத்த கோடு, நிற்கிற மனிதனுக்கு நின்ற கோடு. இன்று அந்தப் புள்ளி சின்னக் கோடாக மாறிவிட்டது. நின்ற கோடு மட்டும் “இ”. அதன் வலப்பக்கம் நடுவில் சின்னக் கோடு ஒட்டினால் “ஆ”.

அப்புறம் ஈர்க்குச்சியால் “மீனா” என்று எழுதச் சொல்லுங்கள். சதுரமும் நின்ற கோடும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் “மி”. “ட” வடிவமும், வலப்பக்கம் முளைத்த கோடும் சேர்த்தால் “னா”. ஐந்து நிமிஷத்தில் ஒரு பெயர் தயார். எங்கள் வகுப்பில் அதைச் செய்த சிறுமி உடனே கேட்டாள்: “குறில் நெடில் எங்கே?” கொரிய எழுத்தில் அந்த வித்தியாசம் கிடையாது. “மினா” என்றுதான் படிப்பார்கள். தன் மொழியில் என்ன இருக்கிறது என்பதை அன்றைக்கு அவள் கொரிய மொழி வழியாகப் பார்த்தாள்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. கொரிய “க்” சொல்லின் முதலில் வல்லொலியாகவும், இரண்டு உயிர்களுக்கு நடுவில் மெல்ல இறங்கியும் ஒலிக்கும். நம் “கல்”லில் உள்ள க-வும் “அகம்” என்பதில் உள்ள க-வும் ஒரே எழுத்துதானே? அதே கதைதான். ப-வும் அப்படித்தான்: பூசான் என்ற துறைமுக நகரை ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் Pusan என்று எழுதினார்கள், இப்போது Busan என்று எழுதுகிறார்கள். நமக்கு அந்தக் குழப்பமே இல்லை, “பூசான்” என்று எழுதிவிட்டுப் போகலாம்.

இந்த வடிவங்களுக்கான விளக்கம் செஜோங் காலத்திலேயே ஒரு நூலாக எழுதப்பட்டது. பிறகு அது கண்ணில் படாமல் போய், 1940-ல்தான் ஆன்டோங் பகுதியில் ஒரு பிரதி கிடைத்தது. அதுவரை, மன்னர் கதவுச் சட்டங்களைப் பார்த்து இந்த எழுத்துகளை அமைத்தார் என்றுகூடச் சொல்லிவந்தார்கள். கண்ணாடியோடு உட்கார்ந்த பிள்ளையிடம் இதைச் சொன்னால் நம்பவே மாட்டாள்.

கொரிய மொழியும் தமிழும் ஒரே குடும்பம் என்கிறார்களே? அம்மா, அப்பா எல்லாம் ஒன்றாக இருக்கிறதே?

ஒவ்வொரு மாதமும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். ஆசையாகக் கேட்கிறார்கள், எனக்கும் அந்த ஆசை புரிகிறது. ஆனால் பிள்ளைகளிடம் உள்ளதைத்தான் சொல்ல வேண்டும்.

கொரியர்கள் அம்மாவை “ஒம்மா” என்றும் அப்பாவை “அப்பா” என்றும் கூப்பிடுவது உண்மை. குழந்தை வாயில் முதலில் வருவது ம-வும் ப-வும்தான், அதனால் உலகத்தில் எத்தனையோ மொழிகளில் இந்த இரண்டு சொற்களும் இப்படித்தான் இருக்கின்றன. சொற்றொடர் அமைப்பிலும் ஒற்றுமை உண்டு. மூன்று அட்டைத் துண்டுகளில் “நானுன்”, “ஹாக்கியோஎ”, “கயோ” என்று எழுதி, கீழே “நான்”, “பள்ளிக்கு”, “போகிறேன்” என்று வையுங்கள். வரிசை மாறாமல் அப்படியே பொருந்தும். பிள்ளைகள் கை தட்டுவார்கள். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம். ஆனால் அதே அட்டைகளை ஜப்பான் மொழிக்கும் துருக்கி மொழிக்கும் போட்டுக் காட்டுங்கள். அங்கேயும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். தமிழ் திராவிடக் குடும்பம். கொரிய மொழி தனிக் குடும்பம். இரண்டும் உறவு என்று மொழியியல் அறிஞர்கள் ஏற்கவில்லை.

தமிழ்நாட்டு இளவரசி கொரியாவுக்கு ராணியாகப் போனார் என்பது?

அது “சம்குக் யூசா” என்ற நூலில் வரும் கதை. அயுதா என்ற நாட்டிலிருந்து ஹோ ஹ்வாங்-ஓக் என்ற இளவரசி கடல் வழியே வந்து, கொரியாவின் தென்பகுதியில் இருந்த கயா நாட்டு மன்னர் சூரோவை மணந்தார் என்று அதில் இருக்கிறது. கிபி 48-ல் நடந்ததாகச் சொல்கிறது. கிம்ஹே நகரில் அவருடையது என்று போற்றப்படும் கல்லறையும் உண்டு. அயுதா என்பது அயோத்தி என்று சிலர் சொல்கிறார்கள், குமரிப் பக்கத்து ஆய் நாடு என்று சிலர்.

இதற்கு நாங்கள் சணல் கயிறு எடுத்தோம். நூறு வருஷத்துக்கு ஒரு மீட்டர். ஒரு முனையில் “48, இளவரசி வந்தாள்” என்று சீட்டு கட்டினோம். இர்யோன் என்ற பௌத்தத் துறவி அந்த நூலைத் தொகுத்தது 1280-களில். அங்கே இரண்டாவது சீட்டு. கயிறு அறையைத் தாண்டி, திண்ணையைத் தாண்டி, வாசல் வேப்பமரம் வரை போய்விட்டது: பன்னிரண்டு மீட்டருக்கு மேல். இவ்வளவு காலம் கடந்து வந்த சேதியில் எது நடந்தது, எது சேர்ந்தது என்று நானும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக ஒரு மக்கள் இதை விடாமல் சொல்லி வந்திருக்கிறார்களே, அது அழகான விஷயம். அதை வரலாறு என்று அடித்துச் சொல்லாமல் கதையாகவே சொல்லுங்கள்.

விளையாட்டில் எதை எடுக்கலாம்?

யுன்னோரி. கொரியப் புத்தாண்டான சொல்லால் அன்று வீட்டில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து ஆடுவது. தாயம் ஆடத் தெரிந்த பாட்டி இருந்தால் ஆசிரியரே தேவையில்லை.

கட்டைவிரல் பருமனில் இரண்டு மரக்குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, நெடுக்காகப் பிளந்தால் நான்கு குச்சி கிடைக்கும், ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. பிளக்கும் வேலையைப் பெரியவர்கள் செய்யுங்கள். நான்கையும் சேர்த்துத் தூக்கிப் போட வேண்டும். ஒரு தட்டை மேலே தெரிந்தால் “தோ”, ஒரு கட்டம். இரண்டு என்றால் “கே”, மூன்று என்றால் “கொல்”, நான்கும் தட்டை என்றால் “யுட்”, நான்கு கட்டம். நான்கும் உருண்டையாக விழுந்தால் “மோ”, ஐந்து கட்டம். யுட்டும் மோவும் விழுந்தால் இன்னொரு முறை போடலாம். பன்றி, நாய், ஆடு, மாடு, குதிரை என்று இந்த ஐந்துக்கும் ஐந்து விலங்குகளைச் சொல்வார்கள். குதிரைதான் தூரம் ஓடும்.

கோலமாவில் 29 புள்ளி வைத்துக் களம் போடுங்கள். சதுரத்தின் ஓரமாக 20, குறுக்கே இரண்டு மூலைவிட்டங்களில் 9. மூலையில் சரியாக வந்து நின்றால் குறுக்கு வழியில் போகலாம். ஒரு பக்கத்துக்கு நான்கு காய். எதிராளி நிற்கும் இடத்துக்கு நம் காய் வந்தால் வெட்டு, அந்தக் காய் திரும்பத் தொடக்கத்துக்குப் போக வேண்டும், வெட்டியவருக்கு இன்னொரு ஆட்டம். நம் தாயத்தில் புளியங்கொட்டையை ஒரு பக்கம் உரசி வெள்ளையாக்கிப் போடுவோமே, அதே யோசனைதான் அந்தத் தட்டையும் உருண்டையும். ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு பொருளுக்கு இரண்டு பக்கம் இருந்தால் உலகத்தில் யாருக்கும் இது தோன்றும்.

ஐந்து கல்லைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் “கொங்கி”யும் அங்கே உண்டு. நம் ஐந்தாங்கல் ஆடும் பிள்ளைக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை. கடைசிச் சுற்றில் எல்லாக் கல்லையும் புறங்கையில் ஏந்தி, மறுபடி தூக்கி உள்ளங்கையில் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் புதிது.

சமையலில் எளிதாக என்ன செய்யலாம்?

சொங்பியோன். எட்டாம் சந்திர மாதத்துப் பௌர்ணமியில் வரும் சூசொக் என்ற அறுவடைப் பண்டிகைக்குச் செய்வது. பச்சரிசி மாவைக் கொதிநீர் விட்டுப் பிசைந்து, உள்ளே வறுத்த எள்ளும் சர்க்கரையும் அல்லது தேனும் வைத்து, அரைநிலா வடிவில் மடித்து, ஆவியில் வேக வைக்கிறார்கள். கொழுக்கட்டைதானே என்பீர்கள். ஆமாம், மாவு பிசையும் கை அதே கைதான். வித்தியாசம் ஆவியில் இருக்கிறது. கொரியர்கள் தட்டில் பைன் மர ஊசியிலைகளைப் பரப்பி அதன் மேல் வேக வைப்பார்கள். “சொங்” என்றால் பைன். அந்த வாசனை மாவில் ஏறும், ஒன்றோடொன்று ஒட்டாது. நம்மூரில் வாழையிலை போதும். எந்த மரம் என்று தெரியாத ஊசியிலையைப் பறித்துப் போட வேண்டாம்.

வெந்ததும் மேலே எள் எண்ணெய் தடவுவார்கள். இங்கே ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளை ஆட்டி எடுப்பது. கொரிய எண்ணெய் எள்ளை நன்றாக வறுத்து எடுப்பது. ஒரு கரண்டி எள்ளை வறுத்து இடித்து, பக்கத்தில் நல்லெண்ணெய் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு பிள்ளைகளை முகரச் சொல்லுங்கள். ஒரே விதை, ஆனால் இரண்டு நாட்டுச் சமையலறை. எள் ஒவ்வாமை உள்ள பிள்ளை இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

முழுநிலாப் பண்டிகைக்கு ஏன் அரைநிலா? கேட்பார்கள், நிச்சயம் கேட்பார்கள். பழைய கொரியாவில் பெக்சே, சில்லா, கொகுர்யோ என்று மூன்று அரசுகள் இருந்தன. பெக்சே நாட்டின் கடைசி மன்னர் உய்ஜாவின் அரண்மனையில் பூமிக்கடியிலிருந்து ஓர் ஆமை கிடைத்ததாம். அதன் முதுகில் “பெக்சே முழுநிலா, சில்லா அரைநிலா” என்று எழுதியிருந்ததாம். முழுநிலா இனித் தேயும், அரைநிலா இனி வளரும் என்று ஒரு நிமித்தக்காரர் பொருள் சொல்ல, மன்னர் அவரைக் கொன்றுவிட்டார். 660-ல் சில்லாவின் படை சீனத்துத் தாங் படையோடு சேர்ந்து வந்து பெக்சேயை வீழ்த்தியது. வளரப் போகும் நிலாவின் வடிவம் என்று சொங்பியோனுக்கு இந்தக் கதையைச் சொல்வதுண்டு. இதோடு அந்த மூன்று அரசுகளின் வரலாறு திறந்துகொள்கிறது. மாவை மடித்துக்கொண்டே சொல்லலாம்.

கிம்ச்சியும் செய்யலாமா? மீன் சேருமாமே?

செய்யலாம், செய்ய வேண்டும். காய்கறியை உப்பிட்டு நொதிக்க வைக்கும் கொரிய ஊறுகாய்தான் கிம்ச்சி. சீன முட்டைக்கோஸ் தேடி அலைய வேண்டாம். முள்ளங்கியைச் சதுரமாக வெட்டிப் போடும் “கக்துகி”யும் கிம்ச்சிதான். ஒரு கிலோ முள்ளங்கிக்கு 20 முதல் 25 கிராம் கல் உப்பு போட்டு அரை மணி நேரம் பிசறி வைத்து, ஊறிய நீரை வடித்துவிடுங்கள். ஒரு கரண்டி அரிசி மாவில் கஞ்சி காய்ச்சி ஆற வைத்து, பூண்டு, இஞ்சி, காரம் குறைந்த காஷ்மீரி மிளகாய்த்தூள், கொஞ்சம் சர்க்கரை கலந்து அதில் பிசறினால் முடிந்தது. அங்கே உப்பிட்டு நொதிக்க வைத்த இறாலோ மீனோ சேர்ப்பது வழக்கம். சைவ வீடுகளில் விட்டுவிடலாம். கொரிய பௌத்த மடங்களின் கிம்ச்சியில் மீன் மட்டுமல்ல, பூண்டும் வெங்காயமும்கூட இருக்காது.

ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். முதல் தடவை நாங்கள் இதைச் செய்தது மே மாதம். கண்ணாடிப் பாட்டிலில் கழுத்து வரை அடைத்து, மூடியை இறுக்கித் திருகி அலமாரியில் வைத்துவிட்டோம். இரண்டாம் நாள் மூடி தெறித்து, சுவர் முழுக்கச் சிவப்பு. நல்லவேளை அறையில் யாரும் இல்லை. நம் வெயிலில் நொதிப்பது மிக வேகம். நான்கு விரல் இடம் விட்டு நிரப்புங்கள், மூடியைத் தளர்வாக வையுங்கள், ஒரு நாள் வெளியே வைத்துவிட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் மாற்றுங்கள். கொரியாவில் இதை நவம்பர் குளிரில் ஊர் கூடிச் செய்து, மண்சாடியில் போட்டுத் தரையில் புதைத்தார்கள். “கிம்ஜாங்” என்று அதற்குப் பெயர், 2013-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஏன் புதைத்தார்கள் என்பது எங்கள் சுவரைத் துடைக்கும்போது பிள்ளைகளுக்குத் தானாகப் புரிந்தது: மண்ணுக்குள் குளிர் ஒரே சீராக இருக்கும்.

இரண்டு பாட்டில் போடுங்கள், ஒன்று மிளகாயோடு, ஒன்று மிளகாய் இல்லாமல். இரண்டாவதுதான் பழையது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி, கொரியாவுக்கு வந்தது 16-ஆம் நூற்றாண்டின் கடைசியை ஒட்டித்தான். 1614-ல் யீ சூ-குவாங் என்ற அறிஞர் அதைப் பற்றி எழுதும்போது “ஜப்பான் கடுகு” என்று பெயர் சொல்கிறார். நம்மூருக்கும் அது போர்த்துகீசியர் கொண்டுவந்த புது வரவுதான். காரத்துக்கு நமக்குத் தெரிந்தது மிளகு, அதனால் மிளகாய். அவர்களுக்குத் தெரிந்தது கடுகு. பெயரிலேயே வரலாறு உட்கார்ந்திருக்கிறது.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு, பன்னிரண்டு வயதுக்கு மேல், என்ன செய்யலாம்?

அச்சு வேலை. ஓர் அழிப்பானில் “க” என்ற எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி வரைந்து, சுற்றியுள்ளதைச் செதுக்கி எடுத்து, மை தொட்டு அச்சிடச் சொல்லுங்கள். கத்தி இருப்பதால் பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்குச் சராசரியாகப் பதினைந்து நிமிஷம் ஆனது. பாதிப் பேருக்கு எழுத்து இடம் வலம் மாறி வந்தது.

ஹேயின்சா என்ற மடத்தில் 81,258 மரப்பலகைகள் இருக்கின்றன. பௌத்த நூல்கள் முழுவதையும் சீன எழுத்தில் திருப்பிச் செதுக்கியவை. மங்கோலியப் படையெடுப்பின் நடுவில், 1236 முதல் 1251 வரை செதுக்கினார்கள். ஒரு பக்கத்துக்கு 23 வரி, ஒரு வரிக்கு 14 எழுத்து, இரண்டு பக்கமும் எழுத்து. பெருக்கிப் பாருங்கள் என்று பலகையில் எழுதிப் போட்டேன். ஐந்து கோடியே இருபது லட்சத்தைத் தாண்டியது. ஒரு பையன் தன் கையிலிருந்த அழிப்பானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

உலோக எழுத்தில் அச்சடித்து இன்றும் கிடைக்கும் மிகப் பழைய நூலும் கொரியாவுடையதே. 1377-ல் சோங்ஜு நகரத்து ஹுங்தோக் மடத்தில் அச்சான “ஜிக்ஜி”. குட்டன்பெர்க்கின் பைபிளுக்கு எழுபது வருஷத்துக்கும் மேல் முந்தியது. இரண்டு பாகத்தில் மிஞ்சியது இரண்டாம் பாகம் ஒன்றுதான், அது பாரிஸில் பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஒரு நாட்டின் பொருள் இன்னொரு நாட்டில் ஏன் இருக்கிறது என்ற பேச்சு அன்றைக்கு மதியச் சாப்பாடு வரை நீண்டது.

உறவுமுறைகளைச் சொல்லித்தர வழி உண்டா?

உண்டு, நம் பிள்ளைகளுக்கு இது விளையாட்டு மாதிரி. கொரியர்கள் உறவைப் படியாக எண்ணுவார்கள், ஒரு படி ஒரு “சோன்”. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒன்று. அண்ணன் தம்பிக்கு இரண்டு, ஏனென்றால் மேலே அப்பாவரை ஒன்று, கீழே ஒன்று. அப்பாவின் தம்பி மூன்று, அதனால் அவர் பெயரே “சம்சோன்”, மூன்று படி. அவர் பிள்ளை “சாசோன்”, நான்கு படி. வீட்டு வம்சாவளியைத் தரையில் சுண்ணாம்பில் வரைந்து, பிள்ளைகளையே நிற்க வைத்து, படி எண்ணி நடக்கச் சொல்லுங்கள்.

நமக்கு அத்தை வேறு, சித்தி வேறு. அவர்களுக்கும் அப்படியே: அப்பாவின் கூடப்பிறந்தவள் “கோமோ”, அம்மாவின் கூடப்பிறந்தவள் “இமோ”. ஆனால் அண்ணனை ஒரு பெண் “ஒப்பா” என்றும் ஒரு பையன் “ஹ்யோங்” என்றும் கூப்பிட வேண்டும். தொடர் பார்க்கும் அக்காக்கள் இதைத் தம்பிகளுக்கு விளக்குவார்கள், உங்களுக்கு வேலையில்லை.

போர், அடிமைத்தனம் இதையெல்லாம் பிள்ளைகளிடம் பேசலாமா? அதற்குக் கைவேலை இருக்கிறதா?

பேசத்தான் வேண்டும். 1910 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சி, பிறகு நாடு இரண்டாகப் பிளந்தது, 1950 முதல் 1953 வரை போர். இதை விட்டுவிட்டு எழுத்தையும் பலகாரத்தையும் மட்டும் காட்டினால் நாம் காட்டியது கொரியா அல்ல. ஆனால் துன்பத்தை நடித்துக் காட்டும் விளையாட்டாக ஆக்குவதை நான் ஏற்பதில்லை. ஒரு படத்தையோ ஒரு காகிதத்தையோ கையில் கொடுத்து உற்றுப் பார்க்க வைத்தால் போதும்.

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் மாரத்தான் தங்கம் வென்றவர் சோன் கீ-சோங். கொரியர், ஆனால் ஜப்பான் வீரராகத்தான் ஓட முடிந்தது. பரிசு மேடையில் நின்ற படத்தை, தலைநகர் சோலின் (சியோல்) “தோங்-ஆ இல்போ” நாளிதழ் வெளியிட்டபோது மார்பிலிருந்த ஜப்பான் கொடியை அழித்துவிட்டு அச்சடித்தது. செய்தியாளர்கள் கைதானார்கள், இதழ் பல மாதம் முடக்கப்பட்டது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என்ன வித்தியாசம் என்று மட்டும் கேளுங்கள். பிறகு 1988 சோல் ஒலிம்பிக்கில் அதே மனிதர் 76 வயதில் சுடரை ஏந்தி அரங்குக்குள் துள்ளி ஓடி வந்ததைச் சொல்லுங்கள்.

பிரிவினைக்கு நாங்கள் செய்தது ஓர் அட்டை. 1983-ல் கொரிய ஒலிபரப்பு நிறுவனமான கேபிஎஸ், போரில் பிரிந்த குடும்பங்களைத் தேடும் நிகழ்ச்சியை நேரலையாகத் தொடங்கியது. சிறிது நேரம் என்று நினைத்தது 138 நாள், 453 மணி 45 நிமிஷம் ஓடியது. 10,189 குடும்பங்கள் சேர்ந்தன. காணாமல் போனவரின் பெயர், ஊர், எங்கே எப்படிப் பிரிந்தோம் என்று அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். நிலையக் கட்டடத்தின் சுவர்களும் அட்டைகளால் நிறைந்தன.

பிள்ளைகளிடம் ஒரு வெற்று அட்டை கொடுத்துச் சொன்னேன்: உன் தம்பியையோ தங்கையையோ முப்பது வருஷம் கழித்துப் பார்க்கிறாய், முகம் மாறியிருக்கும், அவன்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வாய், எழுது. அரை மணி நேரம் யாரும் பேசவில்லை. ஒருத்தி, “இடது புருவத்தில் தழும்பு. நான் தள்ளிவிட்டது” என்று எழுதினாள். ஒருவன் தம்பிக்கு வீட்டில் வைத்த பெயரை எழுதி, யாரிடமும் காட்டாமல் மடித்து வைத்துக்கொண்டான். யாரையும் வாசிக்கச் சொல்லாதீர்கள்.

இதைச் செய்யும் முன் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஈழத்திலிருந்து வந்த குடும்பங்களில் இன்றும் திரும்பி வராதவர்களுக்காக ஒரு படம் சுவரில் தொங்கும். அந்த வீட்டுப் பிள்ளைக்கு இந்த அட்டை பயிற்சி அல்ல. பெற்றோரிடம் முன்பே சொல்லி, வேண்டாம் என்றால் அன்று அச்சு வேலை கொடுத்துவிடுவேன்.

வடகொரியாவையும் சேர்க்கிறீர்களா?

சேர்க்கிறேன். எழுத்து, கிம்ச்சி, யுன்னோரி எல்லாம் இரு பக்கத்துக்கும் பொது. எழுத்து நாளைத் தெற்கு அக்டோபர் 9-லும் வடக்கு ஜனவரி 15-லும் கொண்டாடுகின்றன. 1945-ல் இரண்டு அமெரிக்க அதிகாரிகள் ஒரு வரைபடத்தைப் பார்த்து 38-ஆம் இணைக்கோட்டை எல்லையாகத் தேர்ந்தார்கள். அதே போல ஒரு வரைபடத்தில் பிள்ளைகளை நூல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், எந்த ஆறு, எந்த ஊர் நடுவில் மாட்டுகிறது என்று.

இந்தியாவுக்கு இதில் பங்கு உண்டா?

நிச்சயமாக. போரில் இந்தியா படை அனுப்பவில்லை, மருத்துவம் அனுப்பியது. 60-ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவு, தலைமை லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். மகாவீர் சக்ரா பெற்றவர். போர் நின்றபின் கைதிகளைத் திருப்பி அனுப்பும் நடுநிலை ஆணையத்துக்குத் தலைவர் ஜெனரல் திம்மையா. மேலே சொன்ன அயுதா கதையை விட எனக்கு இந்த உறவு நெருக்கமாகப் படுகிறது.

கொரிய உடை போட்டுப் படம் எடுக்கலாமா? பள்ளி விழாவுக்கு நன்றாக இருக்குமே?

நான் செய்வதில்லை. கடையில் கிடைக்கும் பளபளப்புத் துணியை மாட்டிக்கொண்டு நின்றால் பிள்ளைக்குத் தெரிவது அந்தப் பளபளப்பு மட்டும். அதற்குப் பதில் தையல்காரரிடம் வெட்டுத் துணி வாங்கி, “போஜாகி” என்ற சதுரத் துணி தையுங்கள். மிஞ்சிய துண்டுகளை இணைத்துச் செய்வது, பரிசுப் பொருளையும் சாப்பாட்டையும் மூடிக் கட்டுவது. டிபன் பாக்ஸைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மறுநாள் பள்ளிக்கு எடுத்துப் போவார்கள்.

கொரியர் யாரையாவது அழைத்து வரலாமா?

அழைக்கலாம். சென்னையிலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலும் கார் ஆலை வந்தபிறகு கொரியக் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன, சென்னையில் இன்கோ மையமும் 2006 முதல் இயங்குகிறது. ஆனால் முதல் வாரமே அழைக்க வேண்டாம். பிள்ளைகள் தாங்களே மாவு பிசைந்து, எழுத்து எழுதி, கேட்க நாலு கேள்வி சேர்ந்தபின் அழையுங்கள். எங்களிடம் வந்த ஓர் அம்மா, பிள்ளைகள் செய்த சொங்பியோனை எடுத்துப் பார்த்து, மடிப்பு எங்கே பிரிகிறது என்று தன் விரலால் அழுத்திக் காட்டினார். அப்புறம் பாயில் உட்கார்ந்து தானே இருபது மடித்துவிட்டுத்தான் எழுந்தார். எதையாவது கொடுக்கும்போதும் வாங்கும்போதும் இரண்டு கையாலும் செய்யச் சொல்லிவையுங்கள், அவர்களுக்கு அது மரியாதை.

எனக்கு ஒரே ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். எதை எடுப்பது?

கண்ணாடி, ஈர்க்குச்சி, வளையல். ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரை எழுதி முடிக்கட்டும். “ழ” இருக்கும் பெயர் என்றால் கொரிய எழுத்தில் அதற்கு இடமில்லை, “ல”வும் “ர”வும் ஒரே எழுத்துதான். எங்கள் வகுப்பில் அமிழ்தினி என்றொரு பெண் தன் பெயரை எழுதப் போய், ழ-வுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். பத்து நிமிஷம் நாக்கை வளைத்து வளைத்துக் கண்ணாடியில் பார்த்தாள். பிறகு, நாக்கு மடங்கும் வடிவத்தில் ஓர் ஈர்க்குச்சியை வளைத்து, புதிதாக ஓர் எழுத்து செய்து வைத்தாள்.